காலண்டரில் போட்ட வட்டங்கள்

வேலூர்ப் பக்கம் சித்திரை வைகாசியில் "அசதியா இருக்கு" என்று சொன்னால், "யாருக்குத்தான் இல்ல, இந்த வெயில்ல?" என்று கேட்பார்கள். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். கத்திரி முடிந்தால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். கத்திரி முடிந்தது, ஐப்பசி மழை பெய்தது, மார்கழிப் பனியும் வந்தது. அசதி மட்டும் போகவில்லை.

வாலாஜாவில் இருக்கிறோம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருடமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்து வந்தேன். 2022 மார்ச்சில் ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை, வைரல் என்றார்கள். காய்ச்சல் விட்டது. ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் 'அசதி' என்ற வார்த்தை இதற்குப் போதாது. ஓவர்டைம் செய்துவிட்டு வந்தால் வரும் களைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது ராத்திரி தூங்கினால் போய்விடும். இது பத்து மணி நேரம் தூங்கினாலும் போகாது, விடிய விடிய மெஷினில் உட்கார்ந்தவள் போலத்தான் எழுந்திருப்பேன். அடுப்படியில் நின்றால் மூன்றாவது தோசைக்குள் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் மட்டும் இருக்காது. ஒரு நாள் சூப்பர்வைசர் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டுமே இடது கால். ஜோடி சேர்த்துத் தைத்து அனுப்பியது நான்தான். அவர் திட்டவில்லை, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு 12-க்கு மேல் ஏறியது. அசதி அப்படியே இருந்தது. அப்புறம் தைராய்டு, சுகர், பி12, மார்பு எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம், எல்லாம் நார்மல். அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். ஒரு டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவிட்டு, "மனசுதாம்மா காரணம். காலையில அரை மணி நேரம் நடங்க, தினம் அஞ்சு நிமிஷம் கூட்டிக்கிட்டே போங்க" என்றார். சொன்னபடி நடந்தேன். நாலாவது நாள் படுத்தவள் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. தலை வார மகள்தான் உதவினாள்.

நோய் என்னவென்று கடைசியில் காட்டிக் கொடுத்தது எங்கள் வீட்டுப் பால் கணக்கு காலண்டர். எழுந்திருக்க முடியாத நாட்களை அதில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். கம்பெனி லீவு கணக்குக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை. எட்டாவது படிக்கும் மகள் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா, நீ எங்கயாவது போய்ட்டு வந்தா ரெண்டு நாள் கழிச்சுதான் வட்டம் வருது பாரு" என்றாள்.

உட்கார்ந்து பின்னோக்கிப் பார்த்தோம். ஆடிக் கிருத்திகைக்கு ரத்னகிரி படி ஏறினேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள்கூடப் பரவாயில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறு வட்டம். நாத்தனார் வீட்டு வளைகாப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து நாலு வட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வையெல்லாம் துவைத்ததற்குச் செவ்வாய்க்கிழமை. அன்றன்றே படுத்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்போம். நடுவில் ஒரு நாள் விட்டு வந்ததால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவே தோன்றவில்லை.

அந்தக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு 2023 மே மாதம் வேலூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். கட்டு ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அவர் முதலில் பார்த்தது காலண்டரைத்தான். பத்து நிமிடம் படுக்க வைத்து நாடி பார்த்தார்: 74. அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்துப் பத்து நிமிடம் நிற்கச் சொன்னார். பேசக்கூடாது, காலை ஆட்டக்கூடாது. ஏழாவது நிமிடத்தில் 110. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. நின்றதும் நாடி, படுத்திருந்தபோது இருந்ததைவிட 30-க்கு மேல் கூடி, இறங்காமல் அப்படியே இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். அடுப்படிப் படபடப்புக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு காலைல உடம்பு பூரா சரியாயிடுச்சுன்னு வைங்க, என்ன பண்ணுவீங்க?" நான் யோசிக்கவே இல்லை. வேலைக்குப் போவேன், மகளுக்குப் பாவாடை தைப்பேன், மாடியைக் கழுவுவேன், குடியாத்தம் போய் அம்மாவைப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். மனச்சோர்வில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எதிலும் ஆசையே எழாது, உங்களுக்கு ஆசை இருக்கிறது, உடம்புதான் வரவில்லை என்றார். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். 'மனசுதான்' என்று அவரும் சொல்லியிருந்தார்.

க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், அதாவது நாள்பட்ட அசதி நோய், என்று பெயர் சொன்னார். எம்.ஈ. என்றும் சொல்வார்களாம். இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற நோய்களை விலக்கிவிட்டு அறிகுறிகளை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் சொன்ன அளவுகோலின்படி, முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு அசதி ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஓய்வெடுத்தாலும் அது பெரிதாகக் குறையாது. சிறிய உழைப்புக்குப் பின்னும் எல்லாம் மோசமாக வேண்டும், தூங்கி எழுந்தாலும் தெளிச்சி இருக்கக்கூடாது. இவற்றோடு மூளை மந்தமாவது அல்லது நிற்கும்போது உடம்பு மோசமாவது, இரண்டில் ஒன்று. எனக்கு இரண்டும் இருந்தன. என்னைப் போலக் காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பிப்பது நிறைய நடக்கிறதாம், கொரோனாவுக்குப் பிறகும் பலருக்கு வந்திருக்கிறது.

நடைப்பயிற்சி கதையைச் சொன்னேன். இந்த நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையைச் செய்யக் கூடாது என்று சிகிச்சைக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இலேயே சொல்லிவிட்டதாம். அந்த ஒன்பது நாள் என் சோம்பேறித்தனம் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டது எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

குணமாகிவிட்டேன் என்று எழுத முடியாது. இதை முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. தண்ணீரும் உப்பும் கூட்டச் சொன்னார், எனக்கு பிரஷர் இல்லை என்பதால். உங்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அடுப்படியில் இப்போது ஸ்டூல் இருக்கிறது. களைத்த பிறகு உட்காராமல் களைப்பதற்கு முன்பே உட்காரப் பழகிவிட்டேன், இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. கம்பெனியில் உட்கார்ந்து பீஸ் செக் செய்யும் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், எவ்வளவு அசதி என்பதோடு எந்த நாளில் வருகிறது என்பதையும், அதற்கு முந்தைய மூன்று நாள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை ரிப்போர்ட்டுக்கு மேலே வையுங்கள்.

இந்த மாதம் 18-ஆம் தேதி மகளின் பள்ளி ஆண்டு விழா. 19, 20, 21 மூன்று கட்டங்களிலும் அவளே பென்சிலால் 'அம்மா ரெஸ்ட்' என்று எழுதி வைத்திருக்கிறாள். அத்தை அதற்குக் கீழேயே பால் கணக்கையும் எழுதியிருக்கிறார்.