மறுப்புக் கடிதத்தின் இந்தப் பக்கம்

பகலில் எனக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையில் பல உண்டு. அவற்றில் ஒன்றில் காற்புள்ளிகளோடு மல்லுக்கட்டுகிறேன். இரவில் சம்பளமில்லாத இன்னொரு வேலை. இணையத்தில் வெளிவரும் ஒரு சிறிய ஆங்கில இதழுக்கு முதல் வாசகராக இருக்கிறேன். திகில், இருண்ட மிகுபுனைவு (ஃபேன்டஸி), அறிவியல் புனைவில் வெளிச்சம் குறைந்த பகுதி, இவற்றைச் சார்ந்த கவிதை ஆகியவையே அந்த இதழின் சரக்கு. எழுத்தாளர்கள் அனுப்புவதை ஆசிரியருக்கு முன்னால் வாசித்து, மேலே அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு மூன்று வரிகள் குறித்துவைப்பது என் பங்கு. வாசித்ததை வெளியே பேசுவதில்லை என்பது நிபந்தனை. அதனால் இதழின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் ஒரு கதையின் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இராத்திரியில் பேய்க்கதை படித்தால் தூக்கம் வருமா என்று கேட்கிறார்கள். நன்றாகவே வரும். இந்த வேலையில் பயம் வருவது அபூர்வம், அலுப்புத்தான் வரும். கதைசொல்லி முதலிலிருந்தே செத்துப்போனவன் என்று கடைசி வரியில் தெரியும். கொலைகாரனைத் தேடும் துப்பறிவாளனே கொலைகாரனாக இருப்பான். மனைவியைக் கொன்ற கணவனை அவள் ஆவி வந்து பழிவாங்கும். எழுத்தாளன் ஒருவன் உருவாக்கிய பாத்திரம் அவன் வீட்டுக் கதவைத் தட்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து வெளிவரும் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற ஆங்கில இணைய இதழ், தான் பார்த்துப் பார்த்துச் சலித்த கதைகளின் பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. திகில் கதைகளுக்கென்று தனிப் பட்டியலும் உண்டு. படிக்கும்போது சிரிப்பு வரும். நம் கைப்பிரதியும் அந்தப் பட்டியலில் இருப்பது தெரிந்ததும் சிரிப்பு நிற்கும். கதை அனுப்ப நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது அதைப் படிக்கத்தான்.

அலுப்புக்குப் பெரிய காரணம் இந்தத் திருப்பங்கள் அல்ல. குரூரத்தை இருட்டு என்று நினைத்துக்கொள்வதுதான். முதல் பத்தியில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. மூன்றாம் பத்தியில் அதை வெட்டுகிறார்கள். என்ன கத்தி, எலும்பு எப்படிச் சத்தமிட்டது என்றெல்லாம் ஒரு பக்கம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். இவற்றில் பலவற்றை எழுதியவர்களுக்கு நல்ல ஆங்கிலம் கைவசம் இருக்கிறது, வாக்கியங்கள் ஓடும். ஆனால் படித்து முடித்ததும் கை கழுவத் தோன்றுமே தவிர, விளக்கை அணைக்கத் தயங்க மாட்டோம்.

நான் மேலே அனுப்பிய கதைகளில் ஒன்று இப்படிப் போகிறது. ஒரு கிராமத்துப் பள்ளி. வருகைப் பதிவேட்டில் நாளுக்கொரு பெயர் கூடுகிறது, அதுவும் ஆசிரியையின் கையெழுத்திலேயே. வகுப்பில் பிள்ளைகள் கூடவில்லை. முதல் நாள் அந்தப் பெயரை அவள் தாண்டிப்போகிறாள். மறுநாள் கூப்பிட்டுப் பார்க்கிறாள், பதில் வருகிறது. மற்ற பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆய்வாளர் வருகிற மாதம், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். அவள் அந்தப் பெயர்களையும் சேர்த்துக் கூட்டி எழுதுகிறாள். அவ்வளவுதான். இரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த ஆசிரியையின் இடத்தில் நான் இருந்தாலும் கூட்டி எழுதியிருப்பேன் என்று தோன்றியபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குறிப்பில் அதையே எழுதினேன்.

கவிதைகள் மூன்றோ ஐந்தோ ஒரே கோப்பில் வரும். அவற்றில் நிலா, காகம், எலும்பு, சாம்பல், இரத்தம் எல்லாம் இருக்கும். இருண்ட கவிதை என்பது இருண்ட சொற்களின் தொகுப்பு என்று ஒரு நம்பிக்கை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வருவார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஒரு பேய்த்தாய் வருகிறாள். நிணத்தை விழுங்குகிறாள், மண்டையோட்டு மாலையைப் பூட்டிக்கொள்கிறாள். இதுவரை என் குவியலில் தினமும் பார்க்கிற சங்கதிதான். பிறகு அவள் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, சீராக வளர்த்து, புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். போன தாய் திரும்பி வரக் காணாமல் பிள்ளை அழுது அழுதே தூங்கிவிடுகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் இறைவன் ஆடுகிறான். நான்கு அடி. நிணத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் எழுதலாம். அழுதுகொண்டே தூங்கிப்போன பேய்க்குழந்தையை எழுத அம்மையார் வேண்டும். நம்மவர்கள் எழுதும் ஆங்கிலக் கவிதைகளில் வெளிநாட்டுக் கோட்டையும் அண்டங்காக்கையும் வரும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வருகிறது. ஆலங்காடு அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

இந்தவகைக் கவிதைக்குத் தனிச் சங்கமே உண்டு. 1978இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அறிவியல் புனைவுக் கவிதைச் சங்கம், ரிஸ்லிங் என்ற விருதை ஆண்டுதோறும் வழங்குகிறது. ரிஸ்லிங் உண்மையான ஆள் அல்ல. பழைய அறிவியல் புனைகதை ஒன்றில் வரும் கண் தெரியாத கவிஞன். 50 வரியை எட்டினால் நெடுங்கவிதைப் பிரிவு. சிறிய இதழ்களில் வரும் கவிதைகளும் இந்த விருதுக்குப் போகும் என்பதால், பத்து டாலருக்குக் கவிதை கொடுப்பவர்கள் ஏமாளிகள் அல்லர்.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் 2019இல் தொழில்முறை ஊதியத்தைச் சொல்லுக்கு எட்டு சென்ட் என்று உயர்த்தியது. 4,000 சொல் கதைக்கு 320 டாலர். எங்களுடையது போன்ற இதழ் சொல்லுக்கு ஒரு சென்ட் கொடுக்கும். அதே கதைக்கு 40 டாலர். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மேலிருந்து கீழாக அனுப்பிக்கொண்டே வருவார்கள். எங்களிடம் வரும்போது கதை ஏற்கெனவே பல வாசல் பார்த்திருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. பெரிய இதழ் விட்ட நல்ல கதையால்தான் சின்ன இதழ் பிழைக்கிறது. நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதழ்கள் வாங்குவது முதல் வெளியீட்டு உரிமையை. ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போட்ட கவிதையைப் பெரும்பாலான இதழ்கள் வெளியானதாகவே கணக்கில் எடுக்கும். இருநூறு விருப்பக்குறி வாங்கிய கவிதையை அதன் பிறகு புதியது என்று விற்க முடியாது.

மறுப்புக் கடிதத்தில் ஏன் காரணம் எழுதுவதில்லை என்பது அடிக்கடி வரும் கோபம். எழுதிப் பார்த்த ஆசிரியர்கள் உண்டு. காரணம் சொன்னால் வாதம் வரும். வாதத்துக்குப் பதில் எழுத யாருக்கும் நேரமில்லை. அதைவிட, பல காரணங்கள் கதையைப் பற்றியவையே அல்ல. சென்ற வாரம்தான் நீரில் மூழ்கும் கதை ஒன்றை வாங்கியிருப்போம். இந்த வாரம் வந்ததில் மூழ்குபவன் அதைவிட நன்றாக மூழ்கினாலும் இடமில்லை.

வியர்ட் டேல்ஸ் என்ற பழைய அமெரிக்கத் திகில் இதழின் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட், திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் அண்டார்டிகாக் குறுநாவலை 1931இல் திருப்பி அனுப்பினார். மிக நீளம் என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. லவ்கிராஃப்ட் அதை மனத்தில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் புழுங்கினார். 1936இல் வேறோர் இதழ் வெளியிட்டது. இதே ரைட் அவருடைய இன்னொரு கதையை முதலில் மறுத்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்கி 1928இல் போட்டவர். கதையில் அதற்குள் மாறியது ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆசிரியரின் மனம்தான் மாறியது. நான் ரைட்டின் கட்சி. மாதா மாதம் பக்கங்களை நிரப்பி, கடனையும் சமாளித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

2023க்குப் பிறகு குவியலின் நிறமே மாறிவிட்டது. அந்த பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைவு இதழின் ஆசிரியர் நீல் கிளார்க், செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால் படைப்புகள் பெறுவதையே கொஞ்ச காலம் நிறுத்தினார். எங்கள் அளவில் அதன் விளைவு, வாசல் திறந்திருக்கும் நாள்கள் சுருங்கியதுதான். இன்னொரு விளைவை யாரும் பேசுவதில்லை: சந்தேகம். சற்றே வழவழப்பான நடையில் எழுதும் மனிதரை, அதிலும் ஆங்கிலத்தைப் பள்ளியில் பாடமாகப் படித்து இலக்கணம் பிசகாமல் எழுதும் நம் போன்றவரை, இயந்திரமோ என்று நினைக்கத் தோன்றுகிறது. பகலெல்லாம் பிசகில்லாத ஆங்கிலத்துக்காகவே சம்பளம் வாங்கும் நான் இதைச் சந்தேகப்படுவது வேடிக்கைதான். அதனால் சந்தேகம் வந்தால் நான் குறிப்பில் எழுதுவதில்லை. கதை நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் எழுதுகிறேன். மோசமான கதையை யார் எழுதினால் என்ன?

பதிவேட்டுக் கதையை ஆசிரியர் எடுக்கவில்லை. முந்தைய இதழில்தான் ஒரு பள்ளிக்கூடக் கதை வந்திருந்தது. நான் இரண்டு மின்னஞ்சல் எழுதி வாதாடினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு மாட்டேன் என்றார். மறுப்புக் கடிதத்தில் வழக்கமான மூன்று வரிக்குக் கீழே, அடுத்த முறையும் அனுப்புங்கள் என்று ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்தார். அப்படி ஒரு வரி வந்தால் அது உபசாரம் அல்ல, நம்பி அனுப்பலாம். சில மாதங்கள் கழித்து அந்தக் கதை எட்டு சென்ட் கொடுக்கும் ஓர் இதழில் வெளிவந்தது. அதை எழுதியவர் மணிலாவில் இருக்கிறார் என்பது அங்கே இருந்த அறிமுகக் குறிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எங்கள் வாசல் மறுபடி திறந்தபோது அவர் எதையாவது அனுப்பினாரா என்று தெரியவில்லை. பெயர்களை நீக்கிவிட்டுத்தான் எங்களுக்கு வாசிக்கத் தருகிறார்கள்.