சத்துவாச்சாரி மொட்டைமாடியிலிருந்து புக்கெட் மெரினா வரை

"மெரினாவுக்குப் போகிறேன்" என்றதும் மாமியார் கேட்டார்: "பீச்சுக்குப் போறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை பாஸ்போர்ட்டு?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு மெரினா என்றால் சுண்டலும் குதிரையும்தான். நான் சொன்னது படகு நிறுத்தும் துறை. தண்ணீரில் மிதக்கும் நடைமேடைகள், நடுவே படகுக்கு ஓர் இடம், பக்கத்திலேயே கரண்டும் தண்ணீர்க் குழாயும், படகின் நீளத்தை வைத்து வாடகை.

மச்சான் பினாங்கில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரும் நண்பர் ஒருவருமாகப் பழைய 34 அடி பாய்மரப் படகு வாங்கி மலேசியாவின் லங்காவித் தீவில் நிறுத்தியிருக்கிறார்கள். போன மே மாதம் போனில், "ஜனவரியில தாய்லாந்து போறோம், ஒரு ஆள் குறையுது. கயிறு பிடிக்கக் கத்துக்கிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், வேலூர் சத்துவாச்சாரியில், வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு எதைக் கற்பது?

முதல் மூன்று மாதம் கயிறு மட்டும். 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு பதினைந்து மீட்டர் வாங்கினேன். படகின் ஓரத்தில் கயிறு சுற்றிக் கட்ட மாட்டுக்கொம்பு மாதிரி ஒன்று இருக்கும், கிளீட் என்பார்கள். காட்பாடி ரோட்டு வெல்டிங் கடையில் படம் காட்டி ஒன்று செய்து வாங்கி, மொட்டைமாடித் தரையில் போல்ட் போட்டு இறுக்கினேன். ஒரு முழுச் சுற்று, மேலே எட்டு வடிவில் இரண்டு, கடைசியில் ஒரு பூட்டு. பார்க்க ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்ட மூன்று வாரம் பிடித்தது. பௌலைன் முடிச்சு அதைவிடச் சுலபமாக வந்தது. எவ்வளவு இழுத்தாலும் கண்ணி இறுகாது, வேலை முடிந்ததும் விரலால் அவிழ்த்துவிடலாம்.

கரையில் நிற்பவர் பிடிக்கும்படி கயிற்றை வீசுவதுதான் கஷ்டம். கயிற்றைச் சுருட்டி, பாதிச் சுருளை ஒரு கையிலும் மீதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வீச வேண்டும். எட்டு மீட்டர் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டிதான் குறி. முதல் நாள் 20 வீச்சில் 4 பட்டது. ஆகஸ்ட் முடிவில் 17. எதிர் வீட்டுக்காரர் ஒரு மாதம் பார்த்துவிட்டு, "இன்னா சார், மாடு எதுனா வாங்கப் போறீங்களா?" என்றார்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஏலகிரிக்குப் போய்ப் புங்கனூர் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டினேன். படகுக்கு பிரேக் கிடையாது என்பது அங்கே கரையில் முட்டியபோது உறைத்தது. அதைத் தவிர அங்கே கற்க ஒன்றுமில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள்ளே 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, பாய்மரம் பழக நினைப்பவர்கள் அந்தப் பக்கம் விசாரிக்கலாம். எனக்கு லீவு ஒத்துவரவில்லை.

செப்டம்பரிலிருந்து ஓதக் கணக்கு, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இதுதான். தண்ணீர் ஏறி முடிக்கச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும், ஆனால் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, பிறகு 2, கடைசியில் 1. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். 2.4 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள், ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். முதல் மணியில் ஒரு சாண் அளவு, மூன்றாவது மணியில் 60 சென்டிமீட்டர். மச்சானின் படகு தண்ணீருக்குக் கீழே 1.7 மீட்டர் இறங்கியிருக்கும். துறை வாசலில் வரைபடம் காட்டும் ஆழம், அதாவது தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும்போது உள்ள ஆழம், ஒரே மீட்டர். அடியில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும் என்றால், ஓதம் 1.2 மீட்டருக்கு மேல் நிற்கும்போதுதான் வெளியேற முடியும். ஜனவரி முழுவதற்கும் அட்டவணை போட்டு லேமினேட் செய்து எடுத்துப் போனேன். அதில்தான் வினை இருந்தது.

கொடிகளையும் இங்கேயே தைத்தோம். அயல்நாட்டுத் துறைக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். மஞ்சள் என்றால் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய வழக்கில் அதற்குப் பொருள் 'படகில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி வேண்டும்' என்பது. அனுமதி கிடைத்ததும் அதை இறக்கிவிட்டு, அந்த நாட்டுக் கொடியைப் பாய்மரத்தின் வலப்பக்கம் ஏற்றுவது மரியாதை. குடியாத்தத்திலிருந்து துணி வாங்கி வந்து என் மனைவி தைத்தாள். தாய்லாந்துக் கொடியில் நடுவே உள்ள நீலப் பட்டை மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு அகலம். ஐந்தையும் ஒரே அகலத்தில் தைத்து முடித்த பிறகுதான் கவனித்தோம். பிரித்துத் தைத்தவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஜனவரியில் லங்காவி. முதல் நாள் முழுக்கக் காகிதம். துறைமுக அலுவலகம், சுங்கம், அங்கே குடிநுழைவு என்று எழுதும் இமிக்ரேஷன், மூன்று இடத்திலும் முத்திரை. ஒரு நாட்டிலிருந்து முறையாக வெளியேறிய சீட்டு இல்லாமல் போனால் அடுத்த நாட்டில் சிக்கல். படகில் போகிறவர்கள் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன், பழக்கதோஷத்தில் இனிஷியலோடு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. எந்தப் பெயர் குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று விளக்குவதைவிட, திரும்பப் போய்ப் புதிதாக அச்சடித்து வருவது சீக்கிரம் முடிந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை 8 மணிக்கு நான் தயார். என் அட்டவணைப்படி 8.40-க்கு உச்ச ஓதம். மச்சான் துறைத் தூணைப் பார்த்தார். சிப்பி ஒட்டிய கோடு இன்னும் மூன்றடி வெளியே தெரிந்தது. "மாப்பிள்ளை, இது எந்த ஊரு டைம்?" வேலூர் டைம்! அட்டவணை போட்டபோது கம்ப்யூட்டர் நேரத்தையெல்லாம் இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. உண்மையான உச்சம் 11.10. ஏறும் தண்ணீரில் தரை தட்டினால் கொஞ்சம் காத்திருந்தால் படகு தானாக மிதந்துவிடும். இதே பிழை இறங்கும் தண்ணீரில் நடந்திருந்தால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்த படகில் தொற்றிக்கொண்டு கிடந்திருப்போம். போதாக்குறைக்கு தாய்லாந்து மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னே. லேமினேஷன் மேலேயே மார்க்கரால் திருத்தினேன்.

லங்காவியிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள சாலோங் விரிகுடா 120 கடல் மைலுக்குக் கிட்ட. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஐந்து மைல் போனால் ஒரு பகல் ஓர் இரவு. வடகிழக்குப் பருவக் காற்று மெல்ல அடித்தது, பாதி நேரம் இன்ஜின்தான். இரவுக் காவல் மூன்று மணி நேரம் எனக்கு. எதிர்ப் படகின் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு என்று மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே பார்த்தால் அடிவானமே பச்சையாக எரிகிறது. பதறி எழுப்பினேன். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "கணவாய் பிடிக்கிற படகுங்க, கணவாய இழுக்க பச்சை லைட்டு போடுவாங்க" என்று மறுபடி படுத்துக்கொண்டார். எனக்கு அப்புறம் தூக்கமே வரவில்லை.

சாலோங்கில் நங்கூரம் போட்டு, ரப்பர் படகில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் படகுத்துறைப் பாலத்துக்குப் போனோம். மூன்று அலுவலகமும் அங்கே ஒரே கட்டடத்தில். பெயர் பிரச்சினை இல்லை. மஞ்சள் கொடியை இறக்கி, தையல் பிரித்துத் தைத்த கொடியை ஏற்றிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள்தான் எனக்குப் பரீட்சை. கிழக்குக் கரையில் ஒரு மெரினா. காற்று நடைமேடையிலிருந்து எங்களைத் தள்ளும் பக்கம் அடித்தது. கயிற்றை கிளீட்டில் கட்டிவிட்டு வீசினேன், மேடையில் நின்ற பையன் ஒரே பிடியில் பிடித்தான். அடடா என்று நிமிர்ந்தபோது மச்சான் கத்தினார். படகின் ஓரத்தில் இடுப்புயரக் கம்பி வேலி இருக்கிறது. கயிறு அதற்கு அடியால் வெளியே போய், அப்புறம்தான் வீசப்பட வேண்டும். நான் மேலே விட்டு வீசியிருந்தேன். கயிறு இறுகியதும் வேலிக் கம்பி வளைய ஆரம்பித்தது. பையன் விட்டுவிட்டான், காற்று படகை விலக்கியது, ஈரக் கயிறு தண்ணீரில். இன்ஜின் விசிறியில் சுற்றுவதற்குள் இழுத்துப் போட்டேன். ஒரு வட்டம் அடித்து இரண்டாம் முறை கட்டினோம். பக்கத்துப் படகுக் கிழவர் கைதட்டினார், அது எதற்கு என்று இன்னும் புரியவில்லை.

எட்டு மாதத்தில் ஆயிரம் தடவை வீசியிருப்பேன். மொட்டைமாடியில் வேலி இல்லை.

திரும்பி வந்ததும் கிளீட்டுக்கு முன்னால் இரண்டு கம்பி நட்டு நடுவே கொடிக்கயிறு கட்டினேன். இப்போது அதற்கு அடியால் விட்டுத்தான் வீசுகிறேன். நேற்று 20-க்கு 9. அடுத்தது லங்காவியிலிருந்து தெற்கே பினாங்கு, ஒரே நாடு, ஒரே நேரம். இருந்தாலும் அட்டவணையின் தலைப்பில் 'மலேசிய நேரம்' என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். கம்பி நட்டதிலிருந்து அந்தக் கொடியில் மாமியார் துணி காயப்போடுகிறார். சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் எனக்கு இடம் கிடைக்கிறது.