இடுப்பெலும்புக்கு ஒரு மெத்தை

எனக்கு ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். மல்லாந்து படுத்தால் குறட்டை, குப்புறப் படுத்தால் கழுத்து வலி. 47 வயதில் கூடாரம் போட்டுக் காட்டில் தூங்க ஆசைப்பட்டதில், இந்த ஒரு பழக்கம் எனக்கு நான்கு படுக்கைகளையும் சில தூக்கமில்லாத இரவுகளையும் செலவு வைத்துவிட்டது. 'கேம்பிங் போறோம், என்ன மெத்தை வாங்கலாம்?' என்று யாராவது கேட்கும்போதெல்லாம் போனில் அரை மணி நேரம் பேசுகிறேன். எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம்.

நாங்கள் இருப்பது சியாட்டலுக்குப் பக்கத்தில். முதல் முறை போனது மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவில் கூடாரம் போடுவதற்கென்றே இருக்கும் கூகர் ராக் என்ற இடம். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்குச் சற்று மேலே, செப்டம்பர் நடுவில். பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு மெத்தை எதற்கு என்ற திமிரில் ஒரு யோகா மேட்டும் இரண்டு ஜமுக்காளமும் எடுத்துப்போனேன். ஸ்லீப்பிங் பேக் மட்டும் நல்லதாக வாங்கியிருந்தோம். இரவு இரண்டு மணிக்கு, உடம்புக்கு மேலே கதகதப்பாகவும் கீழே ஐஸ் பாரில் கிடத்தியது போலவும் இருந்தது. மீன் மார்க்கெட் ஞாபகம்தான் வந்தது.

பாய் செய்யும் வேலையே வேறு என்பது பிறகுதான் உறைத்தது. ஊரில் மே மாதத்தில் சிமென்ட் தரையில் பாய் விரித்துப் படுப்பது, தரை நம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அதுதான் அங்கே சுகம். இங்கேயும் தரை அதே வேலையைத்தான் செய்கிறது, விடிய விடியச் செய்கிறது. ஸ்லீப்பிங் பேக் இதைத் தடுக்காது. அதன் உள்ளே இருக்கும் இறகோ பஞ்சோ உப்பலாக இருந்தால்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். நம் எடைக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும் பகுதி வெறும் துணிக்குச் சமம். அதனால் குளிருக்குப் பாதி மருந்து போர்வையில், மீதிப் பாதி படுக்கையில்.

அடுத்த முறை, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போடும் பெரிய காற்று மெத்தையைக் கொண்டுபோனோம். முதல் நாளைவிடக் குளிர்! உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால் அது சும்மா இருக்காது. உடம்புப் பக்கம் சூடாகி, தரைப் பக்கம் போய்க் குளிர்ந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு என் வீட்டுக்காரர் புரளும்போதெல்லாம் நான் அரை அடி மேலே எழும்பி இறங்கினேன்.

தானாகக் காற்று நிரம்பும் மெத்தை என்கிற ரகம் இந்த இரண்டு தொல்லைக்கும் பதில். துணிப்பைக்குள் ஒரு நுரைத் தகடு இருக்கும். நாம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி, துளைக்குத் துளை வழி உள்ள நுரை. அதன் மேல்பக்கமும் கீழ்பக்கமும் துணியோடு ஒட்டியிருக்கும். சுருட்டி, காற்றை வெளியேற்றி, வால்வை மூடிவிட்டால் நசுங்கியே கிடக்கும். வால்வைத் திறந்தால் நுரை நிமிரப் பார்க்கும், நிமிரும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. நுரை இருப்பதால் காற்று உள்ளே ஓடியாட முடியாது, சூடு நிற்கும். பக்கத்தில் இருப்பவர் புரண்டால் நாமும் குலுங்க மாட்டோம்.

இது எங்கள் ஊர்ச் சாமான் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. 1960-களின் இறுதியில் ஒரு லட்சத்தைத் தொட்டிருந்த, சியாட்டல் பகுதியில் போயிங் விமானக் கம்பெனியின் ஊழியர் எண்ணிக்கை, 1971-ல் 40,000-க்கும் கீழே போய்விட்டது. 'சியாட்டலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்' என்ற பொருளில் சாலையோரத்தில் விளம்பரப் பலகையே வைத்தார்கள். அப்படி வேலை போன பொறியாளர்கள்தான் ஜிம் லீயும் நீல் ஆண்டர்சனும். ஜான் பரோஸ் என்பவரோடு சேர்ந்து 1972-ல் கேஸ்கேட் டிசைன்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். தானாக நிரம்பும் தெர்மரெஸ்ட் மெத்தை அங்கே பிறந்ததுதான். தோட்ட வேலையின்போது முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் நுரைத் திண்டைப் பார்த்து வந்த யோசனை என்று கதை சொல்வார்கள். விமானம் செய்த கை, வேலை போனதும் மெத்தை செய்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்த ரகத்தில் நான் வாங்கிய முதல் மெத்தை ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, ஒன்றரை அங்குல தடிமன். பெயர் வேண்டாம். ஒரு கோடை முழுக்கக் காரின் டிக்கியிலேயே சுருட்டிப் போட்டிருந்தேன். ஆகஸ்டில் விரித்தபோது நடுவில் ஆறு மாதக் கர்ப்பிணி போல ஒரு வயிறு. சூட்டில் பசை விட்டுப்போய், துணி நுரையிலிருந்து பிரிந்துவிட்டது. ஓட்டை விழுந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப் போடலாம். இதற்கு மருந்தே கிடையாது. சுருட்டியே வைத்திருந்தால் நுரையும் நிமிர்வதை மறந்துவிடும். வீட்டில் இருக்கும்போது வால்வைத் திறந்து, விரித்தபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஒரு தாளில் எழுதியிருந்ததாம், மகன் கண்டுபிடித்தான்.

நான் வரிக் கணக்கு பார்க்கிறவள். இங்கே வரிக் கணக்குக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 முடிந்ததும் எக்செல் திறந்து உட்கார்ந்தேன். எடை, நீளம், அகலம், தடிமன், சுருட்டினால் எவ்வளவு பெரிது, விலை, ஆர் வேல்யூ என்று வரிசையாகப் போட்டேன். ஆர் வேல்யூ என்பது சூடு கீழே போவதை மெத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண். ஒரு சூடான தகட்டுக்கும் ஒரு குளிர்ந்த தகட்டுக்கும் நடுவில் மெத்தையை வைத்து, சூடான தகட்டை அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு சக்தி பிடிக்கிறது என்று அளப்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் அளந்து போட்டுக்கொண்டிருந்தது. 2018-ல் ஒரு பொது அளவுமுறை வந்த பிறகுதான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடிகிறது. அதனால் பழைய மாடலை யாராவது விற்றால் அதன் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 2-க்குக் கீழே என்றால் கோடை இரவுக்கு மட்டும். 4-க்கு மேல் இருந்தால் ரெய்னியர் செப்டம்பரைத் தாங்கும். இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம், கணக்குக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்.

எண்கள் குளிருக்குத்தான் பதில் சொல்லும். இடுப்பெலும்புக்குச் சொல்லாது. மல்லாந்து படுப்பவர்களுக்கு எடை பரவலாக விழுகிறது, ஒன்றரை அங்குலமே போதும். ஒருக்களித்துப் படுத்தால் தோள்பட்டையும் இடுப்பும் மட்டும் இரண்டு முளை மாதிரி இறங்கும். என்னைப் போன்றவர்களுக்கு மூன்று அங்குலத்துக்குக் குறைந்து எதுவும் சரிப்படாது. அகலமும் முக்கியம். வழக்கமான 20 அங்குல அகலத்தில் மடக்கிய முழங்கால் வெளியே போய்விடும், 25 அங்குலம் என்றால் உள்ளே இருக்கும்.

கேம்பிங் சாமான் விற்கும் ஆர்ஈஐ கடைக்குப் போய்ப் படுத்தே பார்த்துவிட்டேன். இரண்டு நிமிடம் படுத்தால் எல்லா மெத்தையும் சொர்க்கம்தான். நான் ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம், ஒருக்களித்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். என் வீட்டுக்காரர் தொலைவில் அடுப்புகளைப் பார்ப்பது போல நின்றுகொண்டு என்னை யாரென்றே தெரியாதது போல நடந்துகொண்டார். ஒரு சின்னப் பையன் என்னைச் சுட்டிக்காட்டி அவன் அம்மாவிடம் ஏதோ கேட்டான். இருக்கட்டும். மூன்று அங்குலம், 25 அங்குல அகலம், ஆர் 6 உள்ள ஒன்றை எடுத்தேன். நான்கு அங்குலத்தில் வீட்டு மெத்தையைத் தோற்கடிக்கும் ரகங்கள் இருந்தன, 200 டாலருக்கு மேல். சுருட்டினால் பத்து கிலோ அரிசி மூட்டை அளவு. எங்கள் காரில் ஏற்கெனவே இட்லிக் குக்கர் வருகிறது, இடம் இல்லை.

வீட்டில் ஓர் இரவு முழுக்க வால்வைத் திறந்து வைத்தேன். கம்பெனியிலிருந்து நசுங்கியே வருவதால் முதல் தடவை நிமிர நேரம் எடுக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் கூகர் ராக். தானாக நிரம்பும் என்பது முக்கால் உண்மைதான். அரை மணி நேரம் கழித்தும் கொஞ்சம் தொய்வாக இருக்கும், மீதியை நாம்தான் நிரப்ப வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் நுரைக்குள் தங்கிவிடும் என்பதால் கூடவே பம்பு மாதிரி ஒரு பை கொடுத்திருந்தார்கள். அதை வைத்து அடித்தேன். கொடுத்த காசுக்கு நிமிர்ந்து நிற்கட்டும் என்று அடித்துத் தள்ளினேன்.

அன்று இரவும் தூக்கம் இல்லை. குளிர் இல்லைதான், ஆனால் தோள்பட்டை மரத்துப்போனது. கூடாரம் கொஞ்சம் சரிவில் வேறு. நள்ளிரவுக்கு மேல் வழுக்கி மகன் பக்கம் போய்விட்டேன். அவன் மடிக்கிற ரகத் தக்கை நுரை மெத்தையில் கட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பதினோரு வயசுக்கு எதுவும் போதும்.

காலையில் காபி போடும்போது, எங்களோடு வந்திருந்த மதுரைக்கார அக்காவிடம் புலம்பினேன், திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன். அவர் வயது அறுபதுக்கு மேல். கூடாரத்துக்குள் தலையை விட்டு, மெத்தையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஏத்தா, இம்புட்டுக் காத்து அடிச்சு வச்சிருக்க? லாரி டயர் மேல படுத்தாப்ல இருக்குமே. படுத்துக்கிட்டே எறக்கி விடு."

அன்று இரவு அவர் சொன்னபடி செய்தேன். ஒருக்களித்துப் படுத்து, தலைமாட்டில் இருக்கும் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தேன். இஸ்ஸ் என்று காற்று போகப் போக இடுப்பு இறங்கியது. இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எலும்பு கையில் தட்டுவதற்குச் சற்று முன்னால் மூடினேன். தோள் உள்ளே போனது, கழுத்து நேரானது. அடுத்து ஞாபகம் இருப்பது, காலை ஆறரைக்கு யாரோ விறகு பிளக்கும் சத்தம். என் எக்செல்லில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. எவ்வளவு காற்றை வெளியே விடுவது என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை.

ஒன்றரை அங்குல மெத்தையில் இந்த வித்தை பலிக்காது, இறங்க இடமே இருக்காது. தடிமனுக்குக் காசு கொடுப்பது இறங்குவதற்காகத்தான்.

ஜோடியாகப் போகிறவர்கள் இரட்டை மெத்தையா, இரண்டு ஒற்றையா என்று கேட்பார்கள். ஒற்றையே வாங்குங்கள். காற்றின் அளவில் நானும் அவரும் ஒத்துப்போனதே இல்லை, அவருக்கு லாரி டயர்தான் பிடிக்கும். நடுவில் விழும் இடைவெளியில் அந்த இரண்டு ஜமுக்காளத்தைச் சுருட்டி அடைத்துவிடுகிறோம்.

திரும்பக் கட்டுவதுதான் இன்னும் கைவரவில்லை. வால்வைத் திறந்து ஒரு முறை சுருட்டிக் காற்றை விரட்ட வேண்டும், மூடிவிட்டு விரிக்க வேண்டும், நீளவாக்கில் இரண்டாக மடித்து மறுபடி முழங்காலால் அழுத்திச் சுருட்ட வேண்டும். மகனை மேலே உட்கார வைத்தும் பார்த்தாயிற்று, உறைக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. இப்போது பழைய துப்பட்டாவால் கட்டி எடுத்து வருகிறேன். அந்த உறையில் கூடார ஆணிகள் இருக்கின்றன.