பழைய எம்எக்ஸ்-5க்கு காயலான் கடை சூப்பர்சார்ஜர்

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) மாட்டும் வேலையில் இருப்பதிலேயே மலிவான சாமான் சூப்பர்சார்ஜர்தான். என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் "அதை எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், நான் சுமார் 150 பவுண்டு என்று சொன்னதும் அவர்கள் மனதில் மொத்த வேலைக்கும் ஒரு 300, 400 என்று கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கை நம்பி இறங்கினால் இன்ஜின் போய்விடும். கையில் இருக்கும் பணத்தை எங்கே இறக்க வேண்டும், எங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம் என்பதைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

என் கார் 1993 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 லிட்டர். இங்கே இங்கிலாந்தில் இந்தக் காருக்கு ஆட்கள் அதிகம், பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும். எடை ஒரு டன்னுக்கும் குறைவு, சக்தி சுமார் 115 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். வளைவில் இது போகிற அழகுக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மேட்டில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டும் என்றால் மூன்றாவது கியருக்கு இறக்கி, நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேலே பிடித்து வைத்தால்தான் உண்டு. நடு வேகத்தில் கொஞ்சம் இழுவை வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

தம்பி முறையில் ஒருவன் இருக்கிறான், கார் பைத்தியம். "அண்ணா, டர்போ போட்டிருக்கலாமே, அதே செலவில் இன்னும் சக்தி வருமே" என்றான். அவன் சொல்வது சரிதான். டர்போ வீணாகப் போகிற புகையின் சக்தியில் சுற்றுகிறது, சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து (இன்ஜினின் பிரதான சுழல் தண்டு) பெல்ட் வழியாகச் சக்தியைப் பிடுங்கித்தான் சுற்றும். ஆனால் இந்தக் காரின் குணமே ஆக்சிலரேட்டரை மிதித்த மில்லிமீட்டருக்கு ஏற்றபடி இன்ஜின் உடனே பதில் சொல்வதுதான், அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் 2,000 சுற்றிலேயே வேலையை ஆரம்பித்துவிடும், டர்போவைப் போலக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் எடுத்தது ஈட்டன் எம்45. 2001 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில், ஆர்53 என்று சொல்வார்களே, அதில் கம்பெனியே மாட்டி அனுப்பியது. பெயரில் உள்ள 45 என்பது ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றின் கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 737 சிசி. மினியின் இன்ஜின் 1,598 சிசி, என்னுடையது 1,597 சிசி. அளவில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. சுழலும் திசையும் ஒன்றேதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு இன்ஜினும் வேறு வேறு: மினியின் கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 8.3க்கு 1, சூப்பர்சார்ஜரை மனதில் வைத்தே குறைத்துக் கட்டியது. எம்எக்ஸ்-5ல் 9.4க்கு 1. அதனால் மினியில் வருகிற பூஸ்ட்டை (சார்ஜர் ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) அப்படியே இதில் ஏற்ற நினைக்கக் கூடாது.

காயலான் கடையில் இதைப் பார்த்து வாங்குவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். மினியில் இந்தச் சூப்பர்சார்ஜரின் பின்முனையில் ஒரு கியர் கூடு உண்டு, தண்ணீர் பம்பைச் சுற்றுவதே அதுதான். முன்னால் புல்லி பக்கம் ஒரு ஆயில் அறை, பின்னால் இந்தக் கியர்களுக்குத் தனி ஆயில் அறை. இரண்டும் மூடிய அறைகள், இன்ஜின் ஆயிலோடு சேராது. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று நினைத்து யாரும் திறந்து பார்ப்பதில்லை, பின் அறை காய்ந்துபோய்ப் பற்கள் தேய்ந்து போவது இந்த மாடலில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. அதனால் கடையில் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். வழவழப்பாகச் சுற்ற வேண்டும், கரகரப்பு இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே சுழலும் ரோட்டர்களில் ஒன்றோடொன்று உரசிய கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2004க்குப் பிந்தைய மினியிலிருந்து கழற்றியது என்றால் ரோட்டர்களில் பூச்சு இருக்கும், கசிவு குறைவு, கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். அப்புறம் புல்லியின் அளவு. மினிக்காரர்கள் 15 சதவீதம் சிறிய புல்லி போடுவது சர்வசாதாரணம், அப்படிப் போட்ட சார்ஜர் வாழ்நாள் முழுக்க அதிக வேகத்தில் ஓடியிருக்கும். ஒரிஜினல் புல்லி உள்ளதையே தேடுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது வருகிற நாற்றம் குடலைப் புரட்டும், அது சகஜம், கெட்டுப்போனதற்கு அடையாளம் கிடையாது.

என் வேலைக்கு அந்தத் தண்ணீர் பம்ப் தேவையில்லை. கியர் கூட்டை அப்படியே விட்டு, இரண்டு அறைகளிலும் சூப்பர்சார்ஜருக்கென்றே வருகிற ஆயிலைப் புதிதாக ஊற்றி, பம்ப் மாட்டுகிற வாயை ஒரு அலுமினியத் தகட்டால் மூடிவிட்டேன்.

இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1860ல், காருக்கு முன்பே பிறந்துவிட்டது. உள்ளே இரண்டு ரோட்டர்கள், ஒன்றை ஒன்று தொடாமலே எதிரெதிர் திசையில் சுற்றுகின்றன, காற்றை உள்ளே அமுக்குவதில்லை, ஒரு பக்கமிருந்து அள்ளி மறுபக்கம் கொட்டுகின்றன. இன்ஜின் விழுங்குவதைவிட அதிகமாகக் கொட்டினால் நடுவில் அழுத்தம் ஏறுகிறது, அதுதான் பூஸ்ட்.

அதனால் கணக்கும் எளிது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும் என்பதால் 1.6 இன்ஜின் ஒரு சுற்றுக்கு விழுங்குவது அதன் அளவில் பாதி, சுமார் 800 சிசி, நிஜத்தில் அதிலும் பத்து சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம், 720. கிராங்க் ஒரு முறை சுற்றும்போது சார்ஜர் ஒன்றரை முறை சுற்றினால் 1,105 சிசி அள்ளும், கசிவு போக சுமார் 940. 940ஐ 720ஆல் வகுத்தால் 1.3. அதாவது முப்பது சதவீதம் அதிகக் காற்று. சூட்டையும் சேர்த்தால் மீட்டரில் 0.45 பார் பக்கம் காட்டும். 7,000 சுற்றில் சார்ஜர் 10,500ல் ஓடும், அதற்கு அது ஒரு சிரமமே இல்லை. இதையே இரண்டு மடங்கு விகிதத்தில் ஓட்டினால் 14,000 சுற்று, சார்ஜரும் அதன் எல்லைக்குப் போய்விடும், 9.4 கம்ப்ரஷன் உள்ள இன்ஜின் நாக்கிங்கில் (கலவை கண்டபடி தானாக வெடிப்பது) செத்துவிடும். ஒன்றரைதான் நல்லது என்று முடிவு செய்தேன், இன்றுவரை அதை மாற்றத் தோன்றவில்லை. மினியின் புல்லி அழுத்திச் செருகியது, கழற்றத் தனிக் கருவி வேண்டும். அதைத் தொடாமல் கிராங்க் பக்கத்துப் புல்லியை லேத்தில் வேண்டிய அளவுக்குக் கடைந்து வாங்கினால் விகிதம் கைக்கு வந்துவிடும்.

கிராங்க் என்றதும் ஒரு எச்சரிக்கை. 1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த 1.6 கார்களில் கிராங்கின் மூக்கு (புல்லி மாட்டும் முன்முனை) குட்டை, புல்லியைப் பிடித்திருக்கும் சாவி (சிறிய உலோகத் துண்டு) இடம் விட்டு ஆடித் தேய்ந்துபோகும் பழக்கம் அதற்கு உண்டு. சாதாரண ஓட்டத்திலேயே அப்படி என்றால், அந்த மூக்கில் ஒரு சூப்பர்சார்ஜரையும் தொங்கவிட்டால் என்ன ஆகும்? உங்களுடையது அந்தக் காலத்து கார் என்றால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம், முதலில் பிந்தைய இன்ஜின் ஒன்றைத் தேடுங்கள்.

சார்ஜரை எக்ஸாஸ்ட் பக்கம் உட்கார வைத்தேன். சூடான இடம்தான், நடுவில் ஒரு தகடு தடுப்பு வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் வைத்தால்தான் ஒரிஜினல் இன்டேக் மேனிஃபோல்டும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) த்ராட்டிலும் (ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் காற்றுக் கதவு) இருந்த இடத்திலேயே இருக்கும், முன்னால் இன்டர்கூலருக்குக் (சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவி) குழாய் இழுக்கவும் வழி கிடைக்கும். பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டி, பிறகு பிளைவுட்டில், கடைசியில் 10 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டச் சொன்னேன். இதில் பொறுமை போனால் எல்லாம் போச்சு. இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட் ஓரம் பிசிறி, கழன்று ஓடும். பெல்ட் ஆறு பள்ளம் உள்ளது. சிறிய புல்லியைப் பெல்ட் எவ்வளவு தூரம் தழுவுகிறதோ அவ்வளவு பிடிப்பு, அதனால் ஐட்லரை (பெல்ட்டை அழுத்தித் திருப்பிவிடும் சிறு சக்கரம்) சார்ஜருக்கு நெருக்கமாக வைத்துத் தழுவலைக் கூட்ட வேண்டும். பெல்ட் வழுக்குகிறதா என்று மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம்: சுற்று ஏற ஏற பூஸ்ட் நிலையாக நிற்க வேண்டும், இல்லை கொஞ்சம் ஏற வேண்டும். 5,000க்கு மேல் இறங்கினால் வழுக்கல் என்று அர்த்தம்.

பலர் மறந்துவிடுவது பைபாஸ் வால்வ். மினியில் த்ராட்டில் சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது, என் அமைப்பில் பின்னால். 6,000 சுற்றில் கால் எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும், ஆனால் சார்ஜர் நிமிடத்துக்கு 6,600 லிட்டர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக இடமில்லாத அந்தக் காற்று ஏதாவது ஒரு ரப்பர் குழாயைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மேனிஃபோல்டில் வேக்குவம் வந்ததும் திறந்து, அந்தக் காற்றைச் சார்ஜரின் வாய்க்கே திருப்பிவிடும் பெரிய வால்வ் கட்டாயம் வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போதும் அது திறந்தே இருப்பதால் பெட்ரோல் செலவில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

சூடு அடுத்த எதிரி. 20 டிகிரியில் உள்ளே போகிற காற்று 0.45 பார் அழுத்தத்தில் வெளியே வரும்போது 75, 80 டிகிரி ஆகிவிடுகிறது, இந்த வகை சார்ஜரின் பலவீனம் அது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சிறிய இன்டர்கூலர், இதுவும் பழையதுதான், வேறொரு டர்போ காரில் இருந்து கழற்றியது. இங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம், ஓட்டை இல்லாமல் இருந்தால் போதும்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் பெட்ரோலும் தீப்பொறியும். 1.6 எம்எக்ஸ்-5ல் காற்றை அளப்பது ஒரு மடிப்புக் கதவு, காற்று தள்ளத் தள்ளத் திறக்கும். முழுசாகத் திறந்த பிறகு எவ்வளவு காற்று போனாலும் அதற்குத் தெரியாது, காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. பழைய கிட்களில் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ஒரு ரெகுலேட்டரை வைத்துச் சமாளித்தார்கள். ஓடும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் தீப்பொறி நேரத்தை அது பின்னுக்கு இழுக்காது. நான் மெகாஸ்குவர்ட் என்ற இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போட்டேன், செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது, சார்ஜரைப் போல மூன்று நான்கு மடங்கு. மேனிஃபோல்டின் அழுத்தத்தை நேரடியாக அளப்பதால் அந்தக் கதவைக் கழற்றிப் போட்டுவிடலாம். அதோடு காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், சற்றுப் பெரிய இன்ஜெக்டர்கள், ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் (என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.8 மில்லிமீட்டர்). முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 12க்குக் கீழேயே இருக்கும்படி வைத்திருக்கிறேன். தீப்பொறியை ஒரு பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார்) பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்கு இழுத்து ஆரம்பித்து, ரோலிங் ரோட்டில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் உருளைகள்) ஏற்றி, காதில் நாக்கிங் கேட்கும் கருவியோடு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்தோம். அங்கே கொடுத்த ஒவ்வொரு பவுண்டும் இன்ஜினுக்கு ஆயுள் காப்பீடு. 99 ஆக்டேன் பெட்ரோலைத் தவிர வேறு ஊற்றுவதில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், இங்கே அதை மறைத்தால் விபத்தன்று பாலிசி செல்லாமல் போகலாம்.

எல்லாம் சேர்த்து 1,500 பவுண்டைக் கொஞ்சம் தாண்டியது. புது கிட்டின் விலையோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு. சக்தி 150 பக்கத்தில். எண்ணில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் 2,500 சுற்றில் நான்காவது கியரிலேயே மேடு ஏறுகிறது, லாரியைத் தாண்டக் கியரை இறக்க வேண்டியதில்லை. மிதித்ததும் மெல்லிதாக ஒரு விசில் சத்தம் கிளம்புகிறது பாருங்கள், அதைக் கேட்பதற்கென்றே ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கும் பிரேக்கும் முன்பு இருந்த அதே கார்தான், அதுவே எனக்கு முழுத் திருப்தி.

கிளட்ச் இதுவரை தாங்குகிறது. பின்னால் இருக்கும் 6 அங்குல டிஃப்ரென்ஷியல்தான் இனி பலவீனமான இடம். 1.8 கார்களில் வந்த 7 அங்குல டார்சன் வகை டிஃப்ரென்ஷியலை அதன் ஆக்ஸில், புரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு முழு செட்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், நல்ல விலைக்கு யாராவது பார்த்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.