நீர்க்கிராம்பு வண்டும் வளைந்த ஊசியும்

நாலாவது வண்டில்தான் ஈடியாகஸ், அதாவது ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு, முழுசாக வெளியே வந்தது. முதல் மூன்றும் நாசம்.

மன்னார்குடிப் பக்கம் சம்பா வரப்புகளிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீர்க்கிராம்பு மண்டிக் கிடக்கிறது. அதன் இலைகளைச் சல்லடையாக்குவது நீலமாக மினுங்கும் இந்தத் தெள்ளு வண்டு. ஆல்டிகா சயானியா, 1801இல் வெபர் பெயர் வைத்த இனம், என்று உடனே சீட்டு எழுதக் கை பரபரக்கும். செடியும் பொருந்துகிறது. ஆனால் இந்தப் பேரினத்தில் நிறத்தை நம்பினால் மோசம் போவோம். ஆணுறுப்பைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது.

முதலில் அறுத்தது பெண். ஆணுக்கு முன்கால் பாதத்தின் முதல் கணு அகன்றிருக்கும், அவசரத்தில் பார்க்கவில்லை. இரண்டாவதை பிளேடால் கீறி உறுப்பையே இரண்டாக்கினேன். மூன்றாவதை, ஒட்டியிருக்கும் சதை கரையட்டும் என்று பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுக் கொதிக்கவிட்டதில் எல்லாம் வெளுத்துக் கண்ணாடி ஆகிவிட்டது.

விஷயம் உறுப்பை இழுத்தெடுக்கும் கொக்கியில் இருக்கிறது. சின்னப் பூச்சிகளைக் குத்திவைக்கும் நுண்ணூசியை அப்படியே வளைத்தால் படக்கென்று முறிகிறது. நாலைந்து ஊசி போன பிறகு, நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டேன். அப்புறம் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் சமர்த்தாக வளைந்தது. கொக்கி அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்; பெரிதானால் வயிற்றைக் கிழிக்கும். பிடிக்கு எரிந்துபோன ஊதுபத்திக் குச்சி. நாலாவது வண்டை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, வயிற்றின் கடைசித் தகடுகளுக்கு நடுவே ஊசியைப் படுக்கவைத்து நுழைத்து, பாதி திருப்பி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. வண்டுக்கு ஒரு கீறல் இல்லை! இந்தத் தடவை ஹைட்ராக்சைடில் அடுப்பே வேண்டாம் என்று ராத்திரி முழுக்கச் சும்மா ஊறவிட்டேன்.

ஊசி வாங்குகிறவர்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தபாலில் வந்த எனக்குப் பாதி துரு. ஐப்பசி மழையில் சிலிக்கா ஜெல் போடாத டப்பாவில் மூன்று மாதச் சேகரிப்பில் பூஞ்சை பிடித்த கதையைத் தனியாகப் புலம்புகிறேன்.

அடுத்து புழு வளர்ப்பு. கூட்டுப்புழு ஆக மண்ணுக்குள் இறங்கும் என்பதால் பாட்டில் அடியில் வயல் சேறு போட்டு வைத்திருக்கிறேன், ஈரம்தான் இன்னும் பிடிபடவில்லை. ஆற்றலரிச் செடியில் மேயும் கேலருசெல்லா என்ற இலைவண்டையும் தேட வேண்டும்.

இதற்கிடையில் ஈடியாகஸுக்குப் பக்கவாட்டுப் படம் எடுத்த பாடில்லை. கிளிசரினில் நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் குப்புற உருள்கிறது. கை கழுவும் சானிடைசர் ஜெல்லில் அசையாமல் நிற்குமாம். நாளைக்கு மருந்துக் கடைக்குப் போகணும்.