இல்லாத ஒரு விதி

“அதுக்கெல்லாம் இங்கே அனுமதி இல்லை பாட்டி.”

இப்படித்தான் சொன்னேன். அப்படி ஒரு விதி எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கிச் சொன்னது.

இடுப்பெலும்பு முறிந்து மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். காலையில் முதல் கேஸ். தோடு, மூக்குத்தி கழற்றியாயிற்று, பல்செட்டும் டப்பாவுக்குப் போயாயிற்று. நெற்றியில் பாண்டி கோயில் திருநீறு. வலது கையில் கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. செக்லிஸ்ட்படி அதையும் வெட்டி எடுக்க வேண்டும். கத்தரியைப் பார்த்ததும் பாட்டி கையை இழுத்துக்கொண்டார். சரி என்று காஸ் துணி சுற்றி மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, தியேட்டர் சிஸ்டரிடமும் சொல்லிவைத்தேன். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

அப்புறம்தான் கேட்டார். “தாயி, நீ வேதக்காரப் பிள்ளைதானே? என் கையைப் பிடிச்சு உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு.” வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்.

கட்டிலின் காலடியில் அவர் மகன் செல்போனோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அது 2025 பிப்ரவரி. திருப்பரங்குன்றம் மலைமேல் சிக்கந்தர் தர்காவில் ஆடு பலியிடுவது பற்றிய தகராறில் மதுரை மாவட்டம் முழுக்கத் தடை உத்தரவு போட்ட வாரம். வேதக்காரர்களுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கேன்டீனில்கூட எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம். நர்ஸ் ஒருத்தி நோயாளியின் கையைப் பிடித்து ஜெபிக்கிறாள் என்று பத்து விநாடி வீடியோ வந்தால் என் வேலை என்னாகும்? ஆற்றில் இறங்கிய அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியாரைப் பார்க்கப் போகிற ஊர் இது என்று மேடைகளில் சொல்வார்கள். நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலையில் அதெல்லாம் எனக்குத் தைரியம் தரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் பயத்தில் இருப்பவர் எதையும் கேட்பார். ஊசியும் மருந்தும் கையில் வைத்திருக்கிறவள் அங்கே ஜெபித்தால், பக்கத்துக் கட்டில்காரர் தானும் தலையாட்ட வேண்டுமோ என்று நினைக்கக்கூடும். இது இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அன்று இது மனதில் இல்லை. பிற்பாடு வீட்டில் யோசித்துச் சேர்த்துக்கொண்டேன்.

சின்ன வயதில் காய்ச்சலில் நான் அலறினால், ஜெபமாலை உருட்டுகிற என் அம்மா சாயங்காலத் தொழுகை முடியும் நேரம் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நிற்பார். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி என் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். பொட்டு வைத்த பெண்களும் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பார்கள். ஊதியவர்களில் ஒருவராவது என்னைப்போல யோசித்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பார்?

அந்த மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் இறுகியிருந்தது, அவ்வளவுதான். அம்மாவை தியேட்டருக்கு அனுப்புகிற பிள்ளையின் முகம் வேறெப்படி இருக்கும்? அவர் என்னைத் தவறாக நினைப்பார் என்று நானாக முடிவு கட்டினேன். ஒருவேளை நினைத்தும் இருக்கலாம். கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் தியேட்டர் கதவைத் தாண்டியதும் மனதுக்குள் ஜெபித்தேன். ஆனால் அது பாட்டிக்குத் தெரியாதே. “நீ செஞ்சதுதான் சரி” என்றார் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது.

பாட்டி நன்றாகத் தேறினார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பார்த்தேன், பிளாஸ்டரின் பசை இன்னும் கயிற்றில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டேன். முழுக்கப் போக நேரமானது. அதுவரை அவர் கை என் கையில்தான் இருந்தது. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.