எல்விஎன் உரிமம் வந்தாச்சு, வேலைதான் பாக்கி

என்கிளெக்ஸ்-பிஎன் என்ற நர்சிங் உரிமத் தேர்வில் தேறி, கலிபோர்னியா எல்விஎன் (தொழிற்பயிற்சி நிலை நர்ஸ்) உரிமம் வந்துவிட்டது. வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. ஊரிலிருந்து சித்தி கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஆஸ்பத்திரியில சேரப் போற?"

சித்தி, இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் வார்டுக்குப் பெரும்பாலும் எங்களுக்கு மேல்நிலை நர்ஸ்களான ஆர்என்களைத்தான் எடுக்கிறார்கள். எங்களுக்கு அதிகம் வேலை இருப்பது முதியோர் பராமரிப்பு இல்லங்களில். அப்புறம் டயாலிசிஸ் மையம், கிளினிக், ஹோம் ஹெல்த், சிறைச்சாலைகூட உண்டு. ஆனால் பல விளம்பரங்களில் "ஒரு வருட அனுபவம் தேவை" என்று போட்டுவிடுகிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்!

நான் முதியோர் இல்லங்களைத்தான் குறிவைக்கிறேன். ஒரே ஷிஃப்ட்டில் அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும், தெரியும். ஆனால் இன்சுலின், புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாய்வழி உணவு எல்லாம் அங்கேதான் கைக்குப் பழகும். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை இருக்கிறது. ஐவி (ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றுவது) சான்றிதழுக்கும் பதிந்திருக்கிறேன். அது இல்லாமல் இங்கே எல்விஎன் ஐவி போட முடியாது.

ஆன்லைனில் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். பயிற்சிக்குப் போன இல்லத்தில் நர்சிங் டைரக்டரிடம் நேரில் ரெஸ்யூமே கொடுத்தேன், உட்காரவைத்துப் பேசினார்.

சாக்ரமென்டோ பக்கம் எங்காவது ஆள் எடுத்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் என்றாலும் சரி.